நடுவில் நிற்கும் மனிதர்

கால்பந்தாட்டம் பார்க்கப் போகிறவர்கள் ஆயிரம் பேரைப் பார்க்கப் போவார்கள். ரெபரியைப் பார்க்கப் போகிறவர் ஒருவரும் இல்லை. ஆட்டம் நன்றாக நடந்து முடிந்தால் அப்படி ஒருவர் மைதானத்தில் இருந்தார் என்பதே யாருக்கும் நினைவிராது. ஆட்டம் கெட்டுப்போனாலோ, அவரைத் தவிர வேறு யாரும் நினைவில் நிற்பதில்லை. சமையலில் உப்பு எப்படியோ, மைதானத்தில் அவர் அப்படி. சரியாக இருந்தால் பேச்சில்லை. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் இலையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சமையற்காரனைத் தேடுவார்கள்.

இப்படி நன்றியில்லாத ஒரு வேலைக்கு, சம்பளம் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லாமல், மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, பரீட்சை எழுதி, தேறி, ஞாயிற்றுக்கிழமைக் குளிரில் சேற்றில் ஓட மனிதர்கள் முன்வருகிறார்கள். இங்கிலாந்தில் இவர்களுடைய கதை ஒன்றரை நூற்றாண்டுக் கதை. அதைப் படித்துப் பார்த்தால் விளையாட்டைப் பற்றி மட்டுமல்ல, நியாயம் சொல்லும் உரிமை ஒரு மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியும் சில விஷயங்கள் புலப்படுகின்றன.

முதலில் ஓர் ஆச்சரியம். கால்பந்தாட்டம் பிறந்தபோது ரெபரி பிறக்கவில்லை. 1863-ம் வருஷம் அக்டோபர் 26-ந் தேதி, லண்டனில் கிரேட் குவீன் தெருவில் இருந்த 'ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன்' என்ற விடுதியில் சில கனவான்கள் கூடிக் கால்பந்துச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். எபனேசர் காப் மார்லி என்ற வக்கீல் முன்னின்று விதிகளை எழுதினார். ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஒவ்வொரு விதமாக ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்துக்கு ஒரு பொது இலக்கணம் செய்வது நோக்கம். எதிரியின் காலில் உதைப்பது ஆண்மைக்கு அழகா, அநாகரிகமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. உதைக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க மனமில்லாத ப்ளாக்ஹீத் சங்கத்தார் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். டிசம்பரில் 13 விதிகள் தயாராயின. அந்தப் பதின்மூன்றில் ஒன்றில்கூட நடுவர் என்ற பேச்சே இல்லை.

ஏன் இல்லை? மறந்துவிட்டார்களா? இல்லை. அப்படி ஒருவர் தேவை என்று நினைப்பதே தங்களுக்கு அவமானம் என்று அவர்கள் கருதினார்கள். கனவான் தெரிந்து தவறு செய்யமாட்டான். தெரியாமல் செய்துவிட்டால் தானே ஒப்புக்கொள்வான். அபிப்பிராய பேதம் வந்தால் இரண்டு கட்சித் தலைவர்களும் சம்பந்திகள் போல் ஓரமாகப் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். ஈட்டனிலும் ஹாரோவிலும் படித்த பிள்ளைகளுக்கு இது இயல்பான எண்ணம். ஒரே மாதிரி வீட்டில் பிறந்து, ஒரே மாதிரி பள்ளியில் படித்து, ஒரே மாதிரி இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்குள் மூன்றாம் மனிதன் எதற்கு? நம்பிக்கை என்பது அங்கே குலச்சொத்தாக இருந்தது.

ஆனால் பரிசுக் கோப்பை ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்தவுடனே குலச்சொத்துக்குச் சோதனை வந்துவிட்டது. 1871-ல் எப்.ஏ. கோப்பைப் பந்தயம் தொடங்கியது. அதில் கட்சிக்கு ஓர் 'அம்பயர்' என்று இரண்டு பேரை வைத்தார்கள். இவர்கள் நியாயாதிபதிகள் என்பதைவிட வக்கீல்கள் என்பது பொருந்தும். அவரவர் கட்சிக்காரன் கையைத் தூக்கி முறையிட்டால்தான் அவர்கள் வாய் திறக்கலாம். இரண்டு வக்கீல்களும் ஒத்துப்போகவில்லை என்றால் வழக்கு மூன்றாவது ஒருவரிடம் போகும். 'ரெபர்' செய்யப்படுகிறவர் ஆகையால் அவருக்கு 'ரெபரி' என்று பெயர் வந்தது. 1872 மார்ச் 16-ந் தேதி கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் நடந்த முதல் இறுதி ஆட்டத்தில் வாண்டரர்ஸ் கட்சி ராயல் எஞ்சினியர்ஸ் கட்சியை ஒரு கோல் போட்டு ஜெயித்தது. அன்று ரெபரியாக இருந்தவர் ஆல்பிரட் ஸ்டேர். அவர் மைதானத்துக்குள் ஓடவில்லை. வெளியே இருந்தார், கேட்டால் சொன்னார்.

தமிழில் நாம் 'நடுவர்' என்கிறோம். நடுவில் இருப்பவர் நடுவர். ஸ்டேர் காலத்து ரெபரிக்கு இந்தப் பெயர் பொருந்தாது. அவர் ஓரத்தில் நின்றவர். அவர் ஓரத்திலிருந்து நடுவுக்கு வர இருபது வருஷம் ஆயிற்று. அந்த இருபது வருஷத்துக்குள் ஆட்டமே கைமாறிப் போயிற்று.

வடக்கே லங்காஷயரின் பஞ்சாலை ஊர்களுக்குக் கால்பந்து பரவியது. சனிக்கிழமை மத்தியானம் ஆலைச் சங்கு ஊதியதும் தொழிலாளிகள் ஆட்டம் பார்க்கத் திரண்டார்கள். கூட்டம் வந்தது, கூட்டத்தோடு காசு வந்தது, காசோடு, நன்றாக ஆடுகிறவனுக்குக் கள்ளத்தனமாகக் கூலி கொடுக்கும் பழக்கமும் வந்தது. 1884-ல் ப்ரெஸ்டன் நார்த் எண்டு சங்கம் கூலிக்கு ஆள் பிடித்து ஆடுகிறது என்று லண்டன் அப்டன் பார்க் சங்கம் புகார் செய்தது. ப்ரெஸ்டன் நிர்வாகி, ஆமாம் என்று தைரியமாக ஒப்புக்கொண்டார். பெரிய ரகளைக்குப் பிறகு 1885-ல் தொழில்முறை ஆட்டத்தைச் சங்கம் சட்டபூர்வமாக அங்கீகரித்தது. 1888-ல் 12 சங்கங்கள் சேர்ந்து லீக் பந்தயத்தைத் தொடங்கின. ஜெயிப்பது இப்போது கௌரவம் மட்டுமல்ல, சோறு.

இந்த நிலையில் வக்கீல்களை வைத்து நியாயம் நடத்த முடியுமா? ஒவ்வொரு நிமிஷமும் முறையீடு. ஒவ்வொரு முறையீட்டுக்கும் வாக்குவாதம். 1891 பிப்ரவரியில் நாட்ஸ் கவுண்டிக்கும் ஸ்டோக்குக்கும் நடந்த கோப்பைப் பந்தயத்தில் ஒரு சம்பவம். கோலுக்குள் போகவிருந்த பந்தைக் கோட்டின் மேல் நின்ற ஆட்டக்காரர் ஒருவர் கையால் தடுத்துவிட்டார். தண்டனை, அதே இடத்திலிருந்து ஓர் உதை. தடுத்த கட்சியார் அத்தனை பேரும் கோட்டின் மேல் சுவர்போல் நின்றார்கள். பந்து எங்கே நுழையும்? தப்புச் செய்தவர்கள் ஜெயித்தார்கள். சட்டம் மீறப்படவில்லை, நியாயம்தான் மீறப்பட்டது.

அதே வருஷம் ஜூன் மாதத்தில் விதி மாறியது. அயர்லாந்தில் மில்போர்டு என்ற ஊரைச் சேர்ந்த கோல்கீப்பர் வில்லியம் மக்ரம் யோசனை சொல்லியிருந்த பெனால்டி உதை சட்டமாயிற்று. அம்பயர்கள் இருவரும் கொடியோடு ஓரத்துக்குப் போய் 'லைன்ஸ்மேன்' ஆனார்கள். ரெபரி விசிலோடு நடுவுக்கு வந்தார். பர்மிங்ஹாமில் ஜோசப் ஹட்ஸன் என்ற தொழிலாளி சில வருஷங்களுக்கு முன்புதான் லண்டன் போலீசாருக்கு ஊதலும், உள்ளே சிறு குண்டு உருளும் 'அக்மி தண்டரர்' விசிலும் செய்து கொடுத்துப் பெயர் பெற்றிருந்தார். போலீஸ்காரனுக்குச் செய்த சத்தமும் ரெபரிக்கு வந்த சத்தமும் ஒரே பட்டறையில் பிறந்தவை என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

பழைய கனவான்களுக்கு இது பொறுக்கவில்லை. காசுக்கு ஆடாத கொரிந்தியன்ஸ் கட்சியார் பெனால்டி விதியைத் தங்கள் பிறப்பையே சந்தேகிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். வேண்டுமென்றே ஒருவன் காலை வாருவான் என்று எழுதி வைப்பதா? கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் புகழ் பெற்ற சி. பி. ப்ரை இதை வெளிப்படையாகக் கண்டித்தார். தங்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தால் அவர்களுடைய கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்துகொண்டு பந்தை உள்ளே விட்டுவிடுவார் என்று கதை உண்டு. இந்தப் பெருந்தன்மையைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றுகிறது. ஆனாலும் முழுவதும் சிரிக்க முடியவில்லை. ஒரு காலம் போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மனச்சாட்சி செய்துவந்த வேலையை இனி ஒரு விசில் செய்யப் போகிறது.

நடுவர் மைதானத்தின் நடுவுக்கு வந்துவிட்டார். சரி, யார் அந்த நடுவர்? இங்கேதான் நம்முடைய கதை உண்மையில் ஆரம்பிக்கிறது.

கேட்டால் மட்டும் சொல்லும் கனவானுக்கு ஓடத் தெரிய வேண்டியதில்லை. விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதும் இல்லை. அவருடைய அந்தஸ்தே போதும். இப்போது கேட்காமலே, உடனே, ஓடிக்கொண்டே, பத்தாயிரம் பேர் கத்தும்போது தீர்ப்புச் சொல்ல வேண்டும். இதற்கு அந்தஸ்து உதவாது. படிப்பு வேண்டும். 1893-ல் லண்டனில் ரெபரிகளின் சங்கம் ஒன்று ஏற்பட்டது. ரெபரியாக விரும்புகிறவர்களுக்குப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுப்பது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. 1908-ல் நாடு தழுவிய ரெபரிகள் சங்கம் உருவாயிற்று. குமாஸ்தாவும் கடைக்காரரும் பள்ளி உபாத்தியாயரும் விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மாலை நேரத்தில் படிக்க உட்கார்ந்தார்கள். முன்பு பிறப்பினால் வந்த அதிகாரம் இப்போது பரீட்சையினால் வந்தது. பெரிய அரசியல் புரட்சிகளைப் பற்றிப் புத்தகங்கள் எழுதுகிறார்கள். சத்தமில்லாமல் நடந்த இந்தச் சின்னப் புரட்சியையும் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.

உபாத்தியாயர்கள் என்று சொன்னேன். இந்தச் சரித்திரத்தில் மிகப் பெரிய இரண்டு பெயர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவை. ஒருவர் ஸ்டான்லி ரௌஸ். 1895-ல் ஸபோக் மாவட்டத்து மட்போர்டு கிராமத்தில் பிறந்தவர். வாட்போர்டு பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1934-ல் எப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு ரெபரியாக நின்றுவிட்டு, அதே வருஷம் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசியாகப் போய் அமர்ந்தார். 1863 முதல் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வைக்கோற்போர்போல் ஆகியிருந்த விதிகளை அவர் பிரித்து, அடுக்கி, திருத்தி எழுதினார். 1938-ல் வெளியான அந்தப் பதினேழு விதிகளின் அடுக்கு இன்றைக்கும் மாறவில்லை. பையன்களுக்குப் பாடம் எடுத்த கை எழுதியது ஆகையால், படிக்கிறவனுக்குப் புரியும்படி இருந்தது.

ரௌஸ் கற்றுக்கொடுத்த இன்னொன்று, ஓடும் பாதை. மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக ரெபரி ஓட வேண்டும்; மற்ற இரண்டு மூலைப் பக்கங்களை லைன்ஸ்மேன்கள் கவனிக்க வேண்டும். அப்போது பந்து எங்கே இருந்தாலும் அது இரண்டு ஜோடிக் கண்களுக்கு நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். கேட்பதற்கு எளிது. பந்தைப் பார்த்தவுடன் நேரே அதை நோக்கி ஓடத்தான் மனிதன் கால் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்கிக் குறுக்கே ஓடப் பழகுவதற்குப் பல மாதம் பிடிக்கும்.

வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? முதலில் அளவுகள். கோலின் அகலம் எட்டு கெஜம், உயரம் எட்டடி. பெனால்டிப் புள்ளி பன்னிரண்டு கெஜம். தனி உதை உதைக்கும்போது எதிரிகள் பத்து கெஜம் தள்ளி நிற்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் வலை கிழிந்திருக்கிறதா, கொடிக் கம்பம் ஐந்தடிக்குக் குறையாமல் இருக்கிறதா, எவன் விரலிலாவது மோதிரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பையில் இரண்டு கடிகாரம், இரண்டு விசில், குறிப்புப் புத்தகம், பென்சில், டாஸ் போட ஒரு நாணயம். பழைய நாளில் கண் பரிசோதனையும் உண்டு; சிவப்புச் சட்டையையும் பச்சைச் சட்டையையும் பிரித்தறியாத கண் நியாயத்துக்கு உதவாது.

பிறகு கேள்விகள். பெனால்டி உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. உதைத்தவனே மறுபடியும் அதை உள்ளே தள்ளிவிடுகிறான். கோலா? இல்லை, வேறொருவர் தொடும் முன் அவன் இரண்டாம் தடவை தொட்டது தப்பு. ஓரக் கோட்டிலிருந்து கையால் எறிந்த பந்து யார்மேலும் படாமல் எதிரியின் கோலுக்குள் போய்விட்டது. கோலா? இல்லை, கோல் உதை. மூலைக் கொடியில் பட்ட பந்து மைதானத்துக்குள்ளேயே விழுகிறது. ஆட்டம் நிற்குமா? நிற்காது. இப்படிக் கேள்வி கேட்டுக் கேட்டு, யோசித்துப் பதில் சொல்லும் மாணவனை, யோசிக்காமல் சரியாகச் சொல்லும் மனிதனாக ஆக்குகிறார்கள்.

விசிலுக்கும் ஒரு பாஷை உண்டு. சாதாரணத் தவறுக்குச் சிறிய ஊதல். கொடிய தவறுக்கு நீண்ட ஊதல். மிகவும் கடினமான பாடம் ஊதாமலிருப்பது. தவறு செய்யப்பட்ட கட்சிக்கே ஆட்டம் தொடர்வதால் லாபம் என்றால் ரெபரி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். 1903-ல் இது விதிகளில் சேர்ந்தது. அதிகாரம் கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது எவ்வளவு கஷ்டம் என்று தாசில்தார்களையும் தலைமைக் குமாஸ்தாக்களையும் பார்த்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிப் பாடம் எழுதுவது. ஒருவனை வெளியேற்றினால் ரெபரி அன்றிரவே அறிக்கை எழுத வேண்டும். 'மரியாதையில்லாமல் நடந்துகொண்டான்' என்று எழுதினால் வாத்தியார் அடித்துவிடுவார். என்ன சொன்னான், எந்த வார்த்தை, எத்தனையாவது நிமிஷம், அவனுக்கும் உமக்கும் இடையே எத்தனை கெஜம், வேறு எதுவும் கண்ணை மறைத்ததா? கோபம் கூடாது, அலங்காரம் கூடாது, கண்டது மட்டும். கதை எழுதுகிறவர்களையும் ஆறு வாரம் இந்த வகுப்புக்கு அனுப்பினால் தமிழுக்கு நன்மை உண்டு என்று நினைக்கிறேன்.

தேறியவுடன் பெரிய பந்தயம் கிடைத்துவிடாது. அந்த நாளில் புதிதாய்த் தேறியவர் மூன்றாம் வகுப்பு ரெபரி. வருஷக்கணக்கில் மைதானம் மைதானமாக அலைந்து இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று ஏற வேண்டும். லண்டனின் கிழக்கே ஹாக்னி மார்ஷஸ் என்ற வெளியில் யுத்தத்தில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் கொட்டி நிரவி, நூற்றுக்கு மேல் மைதானங்கள் வகுத்திருந்தார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அத்தனையிலும் ஆட்டம் நடந்தால் அத்தனை ரெபரிகள் வேண்டும். அவர்களை யார் அறிவார்கள்? கோப்பையின் இறுதி ஆட்டம் ஒன்றுதான். அதற்கு ரெபரியும் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் இந்தச் சேற்றில் நின்றவர்கள்.

இரண்டாவது உபாத்தியாயர் கென் ஆஸ்டன். 1915-ல் கோல்செஸ்டரில் பிறந்து, 1936-ல் ரெபரி பரீட்சையில் தேறியவர். இரண்டாவது யுத்தத்தில் இந்திய ராணுவத்தில் பணிபுரிந்து லெப்டினன்ட் கர்னலாக வெளியே வந்தார். சிங்கப்பூரில் சாங்கி யுத்தக் குற்ற விசாரணை மன்றத்திலும் பணியாற்றினார். ஊருக்குத் திரும்பிப் பள்ளித் தலைமை ஆசிரியரானார். 1962 ஜூன் 2-ந் தேதி சிலி நாட்டுத் தலைநகரான ஸாண்டியாகோவில் சிலிக்கும் இத்தாலிக்கும் நடந்த உலகக் கோப்பை ஆட்டம் அவர் தலையில் விழுந்தது. ஆட்டம் என்று பெயர், நடந்தது அடிதடி. இரண்டு இத்தாலியரை வெளியேற்றினார். முதலாமவர் போகமாட்டேன் என்று நின்றபோது போலீஸ் வந்து கொண்டுபோக வேண்டியதாயிற்று. 'ஸாண்டியாகோ யுத்தம்' என்றே அந்த ஆட்டத்துக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

1966-ல் லண்டன் வெம்பிளியில் இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஆட்டம். ரெபரி ஜெர்மானியர், ருடால்ப் க்ரைட்லைன். அர்ஜென்டினாவின் தலைவர் ராட்டினை வெளியே போகச் சொன்னார். இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. அவருக்கு ஜெர்மன் தெரியாது. ராட்டின் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நின்றார். ஆட்டம் பல நிமிஷம் நின்றுபோயிற்று. பந்தயத்தின் ரெபரிகளுக்கெல்லாம் பொறுப்பாளராக இருந்த ஆஸ்டன் உள்ளே போய்ச் சமாதானம் சொல்லி அனுப்பினார். அதே ஆட்டத்தில் தங்களை ரெபரி எச்சரித்தாரா இல்லையா என்பது இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. காரில் வீடு திரும்பும்போது கென்ஸிங்டன் வீதியில் போக்குவரத்து விளக்கு மஞ்சளாகிச் சிவப்பாக மாறியது. மஞ்சள் என்றால் ஜாக்கிரதை. சிவப்பு என்றால் நில். எந்த பாஷைக்காரனுக்கும் புரியும். இந்த யோசனை அட்டைகளாகி 1970-ல் மெக்ஸிகோ உலகக் கோப்பையில் முதன்முதலாக வெளிவந்தது. வருஷக்கணக்கில் வகுப்பறையில் நிற்கிறவருக்கு, ஒரு விஷயத்தைக் கடைசிப் பெஞ்சுப் பையனுக்கும் தெரியும்படி எப்படிச் சொல்வது என்ற கவலை ரத்தத்தில் ஊறிப்போகிறது. அந்தக் கவலைதான் அந்த இரண்டு அட்டைகள்.

பிறப்பை ஒதுக்கிவிட்டுப் பரீட்சையை வைத்தார்கள் என்று சொன்னேன். ஆனால் பரீட்சை எல்லாருக்கும் பொதுவாக இருந்ததா? 1921-ல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன்னைச் சேர்ந்த மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை சுமார் அரை நூற்றாண்டு நீடித்தது. பாட் டன் என்ற பெண்மணி 1960-களின் பிற்பகுதியில் ரெபரி படிப்புப் படித்துத் தேறினார். தேறி என்ன பயன்? ஆண்கள் ஆட்டத்துக்கு அவரை அனுமதிக்கவில்லை. விதி பதினேழும் தெரிந்திருந்தும் பதினெட்டாவதாக எழுதாத விதி ஒன்று குறுக்கே நின்றது. 1970-களின் நடுப்பகுதி வரை அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2023 டிசம்பர் 23-ந் தேதி புல்ஹாமுக்கும் பர்ன்லிக்கும் நடந்த ஆட்டத்தில் ரெபெக்கா வெல்ச் விசில் ஊதியபோது, பிரிமியர் லீக்கில் ஒரு பெண் ரெபரியாக நிற்பது அதுவே முதல் தடவை. அவரும் ஒரு வேலையில் இருந்துகொண்டே, 2010-ல் உள்ளூர் மைதானத்திலிருந்து தொடங்கியவர்தாம். குலம் போன இடத்தில் பரீட்சை உட்கார்ந்தது நிஜம். ஆனால் பழைய நாற்காலியின் ஆணிகள் எளிதில் கழலவில்லை.

இன்று இங்கிலாந்தில் 14 வயது நிரம்பிய பையனோ பெண்ணோ இந்தப் படிப்பில் சேரலாம். பாடத்தில் ஒரு பகுதியை வீட்டிலிருந்தே கணினியில் படித்துவிடலாம். மற்றொரு பகுதியை மைதானத்தில் நின்று பழக வேண்டும். பிறகு சிறுவர் ஆட்டங்களில் போய் ஊத வேண்டும். அங்கே போனதும் அந்தப் பதினான்கு வயசுக் குழந்தை தெரிந்துகொள்ளும் முதல் விஷயம் என்ன தெரியுமா? லைன்ஸ்மேன் இல்லை என்பதுதான். 1996-ல் அவர்களுக்கு 'துணை நடுவர்' என்று கௌரவமான பெயர் வைத்தார்கள்; ஆனால் உள்ளூர் ஆட்டங்களில் தேறிய துணை நடுவர்கள் அபூர்வம். இரண்டு கட்சியும் ஆளுக்கொருவரை, பெரும்பாலும் ஆடும் பையனின் தகப்பனாரை, கொடியோடு அனுப்பும். ஆட்டத்துக்கு முன் அவர்களை அழைத்து, பந்து கோட்டைத் தாண்டினால் கொடி காட்டுங்கள், மற்றதை என்னிடம் விடுங்கள் என்று சொல்ல வேண்டும் என்பது வகுப்பில் கற்பிக்கும் பாடங்களில் ஒன்று. பார்த்தீர்களா? 1871-ன் கட்சி வக்கீல்கள் எங்கேயும் போய்விடவில்லை. பெரிய மைதானத்தில் சரித்திரம் நகர்ந்துவிட்டது. சிறிய மைதானத்தில் அது அப்படியே நிற்கிறது.

அந்தக் கொடி பிடித்த தகப்பனார்களில் ஒருவர் ஹாலந்து நாட்டு ரிச்சர்ட் நியூவென்ஹுய்சன். வயது 41. 2012 டிசம்பர் 2-ந் தேதி அல்மேரே என்ற ஊரில் தம் மகன் ஆடும் சிறுவர் ஆட்டத்துக்கு, ஊதியம் எதுவும் வாங்காமல் லைன்ஸ்மேனாக நின்றார். ஆட்டம் முடிந்ததும் எதிர்க்கட்சிப் பையன்கள் அவரைக் கீழே தள்ளி உதைத்தார்கள். மறுநாள் இறந்துபோனார். அடுத்த வாரக் கடைசியில் அந்த நாட்டில் அமெச்சூர் ஆட்டங்கள் அத்தனையும் நிறுத்தப்பட்டன. காலி மைதானங்கள் அவருக்குத் துக்கம் காத்தன. 2013-ல் ஆறு இளைஞர்களுக்கும் ஒரு பையனின் தகப்பனாருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை பெற்றவர்களில் ஒரு தகப்பன் இருந்தான் என்ற செய்தி எனக்குப் பையன்களின் செய்தியைவிட அதிக வருத்தம் தருகிறது.

இந்த இடத்தில் கனவான்களின் குரல் மறுபடி கேட்பதுபோல் தோன்றும்: 'நாங்கள் சொல்லவில்லையா? விசிலை நம்பினீர்கள், மனச்சாட்சியை விட்டுவிட்டீர்கள்' என்று. அது பாதி நியாயம்தான். அவர்களுடைய மனச்சாட்சி தங்களைப் போன்றவர்கள் பதினொரு பேருக்குள் மட்டும் செல்லுபடியான நாணயம். ஆலைத் தொழிலாளிக்கும் அகதியின் மகனுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து ஒரே மைதானம் என்று ஆகிவிட்ட உலகத்தில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதிய விதியும், அதைப் படித்த ஒருவரும் இல்லாமல் முடியாது. ஆனால் மறுபாதியும் நியாயம். பரீட்சை ரெபரிக்கு விதியைத் தரும். அவர் சொன்னால் கேட்கும் மனத்தை மற்ற இருபத்திரண்டு பேருக்கும் அது தராது. அந்தப் பாடத்துக்கு இன்னும் வகுப்பு ஏற்படவில்லை.

ஏதோ செய்து பார்க்கிறார்கள். 2019 முதல் இங்கிலாந்தின் உள்ளூர் ஆட்டங்களில், ரெபரியை எதிர்த்துப் பேசுகிறவன் பத்து நிமிஷம் வெளியே உட்கார வேண்டும் என்று விதி வந்தது. 2023-ல் மிடில்ஸ்பரோவில் ஆரம்பித்துச் சில இடங்களில் ரெபரியின் மார்பில் காமிரா கட்டிப் பரீட்சித்தார்கள். 2024-ல் ரெபரியிடம் பேச வேண்டுமானால் கட்சித் தலைவர் ஒருவர் மட்டுமே வரலாம் என்று சர்வதேச விதிச் சபை ஒரு முறை வகுத்தது. கடைசியில் சொன்னதைக் கேட்டால் 1863-ன் கனவான்கள் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்கள். தலைவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றுதானே அவர்களும் சொன்னார்கள்!

கென் ஆஸ்டன் வயதான காலத்தில் ஒரு காரியம் செய்தார். உலகக் கோப்பையும் சர்வதேசக் கமிட்டியும் எல்லாம் முடிந்த பிறகு, அமெரிக்காவில் சிறுவர் கால்பந்து நடத்தும் 'அய்ஸோ' என்ற சங்கத்துக்குப் போய், வருஷக்கணக்கில் ரெபரி வகுப்பு எடுத்தார். மாணவர்கள் யார்? தம் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஆள் இல்லையே என்று தாமாக வந்த தகப்பன்மாரும் தாய்மாரும். பாதிப் பேருக்கு ஆப்சைடு என்றால் என்னவென்றே தெரியாது. ஸாண்டியாகோவில் போலீஸை அழைத்தவர் அவர்களுக்கு முதல் விதியிலிருந்து பொறுமையாக ஆரம்பித்தார். 2001-ல் அவர் காலமானார்.

அது சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை. ஓரத்தில் நின்று கத்துகிற தகப்பனாரைத் திருத்த அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. அவர் கையில் ஒரு விசிலைக் கொடுத்து, பத்தே நிமிஷம் நடுவில் நிற்க வைக்க வேண்டும். பதினேழு விதிகளுக்கு மேல் பதினெட்டாவது விதி ஒன்று உண்டு, அதற்குப் பொது அறிவு என்று பெயர் என்பார்கள் ரெபரிகள். அது அச்சில் இல்லை. நடுவில் நின்றவர்களுக்கு மட்டும் தெரியும்.